விண்மீன் விடுதியின் பச்சைப் பெண்

ஜூன் 7, 2024, வெள்ளி

மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும். மதியம் முருங்கைக்காய் சாம்பார். இவர் அலுவலகத்திலிருந்து வர இன்றைக்கும் ஏழு மணி ஆகிவிட்டது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. அதற்குள் மின்வாரியத்தின் மொத்தக் கணக்கையும் தனி ஆளாக நேர் செய்துவிடுவார் போலிருக்கிறது.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது தாரிணி அவள் அறையில் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போகும் பெண் என்று பேர்தான், சிரிப்பு இன்னும் பள்ளிக்கூடத்துச் சிரிப்பு. "ம்மா, இதப் பாரேன், செம காமெடி" என்று போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

'விண்மீன் விடுதி' என்று ஒரு தொடர். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்ததாம். யாரோ ஒரு பையன் பழைய டேப்புகளைத் தேடிப் பிடித்து, வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக இணையத்தில் போடப் போகிறானாம். வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு லாட்ஜ். வேறு வேறு கிரகத்து ஆட்கள் வந்து தங்கிப் போவார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் ஜிகினா ஒட்டிக்கொண்டு ஒரு மேனேஜர். தெர்மகோல் பாறைகள். ராக்கெட்டின் மூக்கில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்குகின்றன. விண்வெளியில் அது லேசாகக் காற்றில் ஆடுகிறது. பிறகு முகமெல்லாம் பச்சை பூசிய ஒரு பெண் வருகிறாள். அவள் பெயர் நீலி.

"யாரும்மா இது, சோளக்கொல்ல பொம்ம மாதிரி நடக்குது? நடிப்புன்னா என்னன்னே தெரியல."

"ஆமா, தெரியல" என்றேன்.

அவள் அப்படி நடப்பதற்குக் காரணம் செருப்பு. ஒரு சைஸ் பெரிது. இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு சப்பாத்தி கருகிவிட்டது. அதை நானே சாப்பிட்டேன்.

ஜூன் 8, சனி

வாஷர் வாங்கியாயிற்று. தூக்கம்தான் சரியாக வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாவது வாரம். இந்தத் தடவை தாரிணி அதை ஹாலில் பெரிய டிவியில் போட்டாள். இவர் சோபாவில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் படித்த அதே செய்தித்தாள். தாரிணி கீழே வந்த கமெண்ட்களைச் சத்தமாக வாசித்தாள். 'ராக்கெட்டுக்குத் திருஷ்டி கழித்த ஒரே நாடு.' 'பச்சை அக்காவுக்கு மூட்டு வலியா?' நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

சரி. வருடா வருடம் இவருக்குக் கிடைக்கும் இரண்டு டைரியில் ஒன்று எனக்கு. இதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எழுதிவிடுகிறேன். பச்சை அக்கா நான்தான்.

கல்லூரி முடித்த வருடம். இயக்குநர் அருளானந்தம் சார் அயனாவரத்தில் எங்கள் தெருவிலேயே இருந்தார். "ஒரு பொண்ணு வேணும் சார். மூஞ்சியே தெரியாது, பூரா பெயிண்ட்டு" என்று அப்பாவிடம் கேட்டார். மூஞ்சி தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக அப்பா சரி என்றார். நீலிக்கு நீலம்தான் பூசுவதாக இருந்தது. மேக்கப்மேன் போன கடையில் நீலம் தீர்ந்துவிட்டது, பச்சையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். டைட்டிலில் என் பெயர் 'குமாரி வல்லி'. முழுப்பெயர் குமுதவல்லி என்பது இந்த வீட்டில் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் குமுதா.

அந்தப் பச்சை லேசில் போகாது. சனிக்கிழமை ஷூட்டிங் என்றால் திங்கள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இவர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தலையில் பூ வைக்கக் குனிந்த மாமியார், "என்னடியம்மா இது, காதுக்குப் பின்னால பாசி புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு இது கூடாது, இதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்கள். எடுக்கவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இன்னும் எடுக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மூன்றாவது எபிசோடு. இரண்டாவதை விட மோசம். தெர்மகோல் மலை இடிந்து விழும் காட்சியில் பின்னால் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

"புடிக்கலன்னா எதுக்கு உக்காந்து பாக்குற?" என்றார் இவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"போடுற பையன் சொல்றான்ப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அஞ்சாவதுலருந்து வேற மாதிரி ஆகும்னு."

"ஆகும்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

எதற்கு 'ஆகும்' என்றார் என்று தெரியவில்லை. பேப்பரில் எதையாவது படித்திருப்பார்.

ஜூன் 29, சனி

நேற்று நான்காவது. பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கலந்த சாதம் கட்டிக் கொடுக்கும் வேலை. புளிசாதத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

இன்று கொஞ்சம் நிறைய எழுத வேண்டும். சந்தோஷமாக இருக்கிறது.

எலுமிச்சம்பழக் கதை இதுதான். முதல் நாள் பூஜையில் லைட்மேன் அதை ராக்கெட்டில் கட்டினார். பூஜை போட்டுக் கட்டியதை வேலை முடியும் முன் கழற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கேமரா வைக்கும்போதும் அதில் கை வைக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. படத்தில் விழாது என்று நினைத்தார்கள். பளிச்சென்று விழுந்தது. அடுத்த வாரமே ஊர் ஊராகக் கேலி செய்து போஸ்ட் கார்டு வர ஆரம்பித்தது. அருளானந்தம் சார் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து ஒன்று விடாமல் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். லைட்மேன் தெர்மகோல் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு சார் சொன்னார்: "கழட்ட வேணாம். அடுத்த ஷூட்டிங்ல நீலி அதப் பத்திக் கேப்பா."

"என்ன கேக்கணும் சார்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான வேற கிரகம்?"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மேனேஜரின் வசனத்தை மட்டும் எழுதிக்கொண்டு வருவார். நீலியின் வசனம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். வாய்க்கு வருவதை நான் கேட்க வேண்டும். மேனேஜராக நடித்த பரசுராமன் சார், பாவம், முதலில் வெலவெலத்துப் போனார். பிறகு அவருக்கும் அது பிடித்துவிட்டது.

இன்று டிவியில் அந்தக் காட்சி வந்தது. நீலி எலுமிச்சம்பழத்தைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"இது எந்தக் கருவி?"

"கருவி இல்லம்மா. எலுமிச்சம்பழம்."

"என்ன வேலை செய்யும்?"

"ஒரு வேலையும் செய்யாது."

"பிறகு எதற்குக் கட்டியிருக்கிறீர்கள்?"

மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். முதன்முறையாக அவர் வழுக்கை தெரிகிறது. "ஊர விட்டு இவ்ளோ தூரம் வந்துட்டோம். பயமா இருக்கு. பயமா இருக்குன்னு யார்கிட்ட சொல்றது? அதான் அதக் கட்டி வெச்சிருக்கோம்."

நீலி அதை முகர்ந்து பார்க்கிறாள். "உங்கள் பயத்துக்கு நல்ல வாசனை" என்கிறாள்.

அந்த வரி என்னுடையது. யாரும் எழுதித் தரவில்லை. இருபது வயதில் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் எனக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை.

தாரிணி சிரிக்கவில்லை. பின்னால் தள்ளி இன்னொரு முறை பார்த்தாள். "இந்தப் பொண்ணு நல்லா பண்றால்ல?" என்றாள். நான் துணி மடிக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன். அங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஜூலை 20, சனி

ஆறாவதும் ஏழாவதும் நன்றாக இருந்தன. கமெண்ட் எழுதும் பிள்ளைகள் கேலியை விட்டுவிட்டு, நீலி அடுத்து என்ன கேட்பாள் என்று பந்தயம் கட்டுகிறார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: 'எங்கப்பா என்கூட உக்காந்து பாக்குற ஒரே விஷயம் இதுதான்.' அதை மூன்று முறை படிக்கச் சொன்னேன். "ஒனக்கு எதுக்குமா இவ்ளோ இன்ட்ரஸ்ட்?" என்று தாரிணி கேட்டாள். பொழுது போக வேண்டாமா என்றேன்.

அடுத்தது எட்டாவது. அதைத் தாரிணி எப்படியும் பார்த்துவிடுவாள். பச்சை ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் தடித்துப்போனதால் டாக்டர் பூசவே கூடாது என்றுவிட்டார். சார் அதற்கும் ஒரு கதை கண்டுபிடித்தார். நீலியின் கிரகத்தில், ஒருவரை முழுசாக நம்பிவிட்டால் அவர்கள் நிறத்துக்கே மாறிவிடுவார்கள். எட்டாவதில் நீலி மேனேஜரை நம்பிவிடுகிறாள். என் முகம் அப்படியே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் பார்த்தது. அந்த வாரமே மாமியார் வீட்டில் முகூர்த்தத்தை முன்னால் இழுத்துவிட்டார்கள். பதினோராவது எபிசோடு முடிந்ததும் கல்யாணம். மீதி இரண்டுக்கு என் பெண் வரமாட்டாள் என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். சாரிடம் நேரில் போய்ச் சொல்லக்கூட என்னை விடவில்லை.

ஜூலை 26, வெள்ளி

சரியாக எட்டாவது எபிசோடு போடும் நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. எதிர் வீட்டில் எரிகிறது, பக்கத்து வீட்டில் எரிகிறது, நம் வீட்டில் மட்டும் இருட்டு. இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிப் பக்கம் போய் வந்தார். "பெரிய கோளாறு. காலைலதான் பாக்கணும்" என்று கையை விரித்துவிட்டார். மின்வாரியத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவர் பேசுகிற பேச்சா இது? அவர் சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை அளவுக்கு ஏதோ கனமாக இருந்தது. பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

தாரிணியின் போனில் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தயிர் சாதம் சாப்பிட்டோம்.

ஜூலை 27, சனி

இவர் காலையில் மார்க்கெட் போனார். போகும்போது மீட்டர் பெட்டியைத் தட்டினாராம், தானாகவே சரியாகிவிட்டதாம்.

தாரிணி தோசை சாப்பிட்டுக்கொண்டே போனில் எட்டாவதைப் பார்த்தாள். நான் தோசைக்கல் முன்னால் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? பின்னணி இசை கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"ம்மா, இங்க திரும்பு."

"தோச தீஞ்சிடும்."

"திரும்பும்மா. கொஞ்சம் சிரி."

"என்னத்துக்கு?"

"சும்மா சிரியேன்."

சிரித்தேன். அவள் எழுந்து வந்து போனை என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தோசை தீய்ந்தே போயிற்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் ஒன்ன எவ்ளோ கிண்டல் பண்ணேன். நீயும் கூட சேந்து சிரிச்சியே. ஏம்மா சொல்லல?"

"கேக்கலயே நீ."

"நான் எதம்மா கேட்டிருப்பேன்? 'அம்மா, நீ வேற கிரகத்துலேர்ந்து வந்தியா'ன்னா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சிரிப்பை நிறுத்தவும் தெரியவில்லை, அழுகையை நிறுத்தவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து இவர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, "வெண்டக்கா முத்தலாத்தான் கெடச்சுது" என்று குளிக்கப் போய்விட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

வெண்டைக்காய் முற்றல்தான். யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். தாலிச்சரடு மாற்றிக்கொண்டேன்.

குமாரி வல்லி இப்போது எங்கே இருக்கிறார் என்று கமெண்டில் தினம் நாலு பேர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இறந்துவிட்டார் என்று இன்னொருவர். தாரிணி பதில் எழுதத் துடிக்கிறாள். என் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. மாதக் கடைசியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு நூலகத்து மாடியில், கடைசி எபிசோடை இணையத்தில் போடும் முன் எல்லோரும் சேர்ந்து பார்க்கப் போகிறார்களாம். அருளானந்தம் சார் வருகிறார். அந்தத் தொடரில் வேலை பார்த்தவர்கள் யார் இருந்தாலும் வரலாமாம்.

"போலாம்மா."

"அப்பா என்ன சொல்வாரோ."

"அப்பாவ எதுக்குக் கேக்கணும்?"

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது ஒரு சாதாரணக் கேள்வி. நான் வடாம் பொரிக்கப் போய்விட்டேன். ஆனால் எனக்குப் போக வேண்டும். போயே ஆக வேண்டும். கதை எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் இடத்தில் யாரைப் போட்டார்கள் என்பதும் தெரியாது. அந்தப் பெண் நன்றாகச் செய்தாளா? செய்திருக்கக் கூடாது என்றுதான் இத்தனை வருடமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் மனசு அவ்வளவு நல்ல மனசு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பதினோராவது. நான் நடித்த கடைசி எபிசோடு. இதுவரை வந்ததில் இதுதான் ரொம்ப நன்றாக இருக்கிறது. நான் இருக்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை. செட் என்று ஒன்றுமே இல்லை. ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி, இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் எபிசோடில் அத்தனை பாறை எதற்கு என்று தோன்றியது.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார். முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆகஸ்ட் 24, சனி

நேற்று பன்னிரண்டாவது. நீலி வரவே இல்லை. வேறு பெண்ணும் வரவில்லை. மேனேஜர் மட்டும் இரண்டு தம்ளரில் காபி ஊற்றுகிறார், ஒன்றை ஜன்னல் ஓரம் வைக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்யாணம் ஆகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இது டிவியில் வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் டைட்டில் இசை கேட்டதும் கால் தானாக வாசல்படிக்கு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் இசை நின்றுவிட்டது. மாமியார்தான் அணைத்தார். அடுத்த ஞாயிறு டிவியை யாரும் போடவே இல்லை.

இவ்வளவுதான் நடந்தது என்று நினைத்திருந்தேன். இன்று காலை காபி கொடுக்கும்போது இவர் தம்ளரை வாங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"குமுதா, அன்னிக்கி டிவிய அணைச்சது அம்மா இல்ல."

தம்ளர் என் கையிலேயே இருந்தது.

"நான்தான்."

"எதுக்கு?"

"மியூசிக் வந்ததும் நீ கரண்டியோட வாசப்படில வந்து நின்ன. ஒன் மொகத்தப் பாத்தேன். இந்தப் பொண்ணு இங்க இருக்க மாட்டா, கெளம்பிடுவான்னு தோணிச்சு. எழுந்து போயி அணைச்சிட்டேன்." பிறகு, "நான் எல்லா வாரமும் பாப்பேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கி ஒன் காதுக்குப் பின்னால பச்சையப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சு, நீதான் நீலின்னு. அதனாலதான் ஒடனே சரின்னேன்."

காபியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு செத்துப்போன மனுஷி மேல் இத்தனை வருடம் கோபத்தை வளர்த்திருக்கிறேன். அவர் திவசத்துக்கு வடை தட்டும்போதெல்லாம் மனசுக்குள் முணுமுணுத்திருக்கிறேன். நீலியைப் பிடிக்கும் என்று நீலியைக் கட்டிக்கொண்டு வந்து, அவளைச் சமையலறையில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சுவிட்சையும் அணைத்துவிட்டார் இந்த மனுஷன். இப்போது சொல்கிறார். இப்போது சொல்லி நான் என்ன செய்ய?

மதியம் ரசம் மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

போனேன். தாரிணியோடு. இவர் வாசலில் நின்று "ஆட்டோ சொல்லட்டுமா?" என்று கேட்டார். நாங்களே பிடித்துக்கொள்கிறோம் என்றேன்.

நூலகத்து மாடியில் ஐம்பது அறுபது பேர். எல்லாம் தாரிணி வயசுப் பிள்ளைகள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அருளானந்தம் சார் முன்வரிசையில் கைத்தடியோடு இருந்தார். அவ்வளவு உயரமான மனுஷர் இப்படிச் சுருங்கிவிட்டாரே என்று இருந்தது. பரசுராமன் சார் காலமாகி நான்கு வருடம் ஆகிவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது.

விளக்கை அணைத்தார்கள். கடைசி எபிசோடு ஓட ஆரம்பித்தது. விடுதிக்குப் புதிதாக ஒரு ஆள் தங்க வருகிறான். எல்லா அறையிலும் ஆள் இருக்கிறது. ஒரே ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கிறது. நீலி இருந்த அறை.

"இது காலியாத்தானே இருக்கு, சார்?" என்று கேட்கிறான்.

"காலி இல்ல" என்கிறார் மேனேஜர். "ஆள் வெளிய போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியாது."

"வரலன்னா?"

"வந்து பாத்தா, ரூம்ல வேற ஆள் இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் அந்த ஆளைத் தன் அறைக்கே கூட்டிப்போய்த் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, பூட்டிய கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வெளியே நட்சத்திரம் போகிறது. அவ்வளவுதான். முற்றும்.

என் இடத்தில் யாரையும் போடவில்லை. யாரையுமே போடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்தில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

விளக்கு போட்டதும் ஒரு பெண் எழுந்து, "சார், நீலியா நடிச்சவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். சாருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார். சார் தலையை ஆட்டினார். "தயாரிப்பாளர் வேற பொண்ணப் போடச் சொன்னாரு. அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன வசனம் குடுப்பேன்? நீலிக்கு நான் எழுதுனதே இல்லியே. வந்துடும்னு நெனச்சேன். கடைசி நாளு மேக்கப்மேன் சாயங்காலம் வரைக்கும் பொட்டியத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. தாரிணி என் முழங்கையைத் தொட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஏன் வரவில்லை என்று கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் பக்கத்தில் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரே களேபரம். எல்லோரும் கைத்தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். தொடரைப் போடும் பையன், இதை ஒலி நாடகமாகத் தொடர ஆசை, சார் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மேனேஜர் குரலையும் அவரே கொடுக்கிறார், நீங்கள் வருவீர்களா என்று கேட்டான். 'வீட்ல கேட்டுட்டு சொல்றேன்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பால்காரரிடம் கூட அதைத்தான் சொல்லிப் பழக்கம்.

"என்னிக்கி வரணும்?" என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. மீந்த கொழுக்கட்டையை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு வாரமாக இவரோடு அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வரட்டுமா?"

யோசித்தேன். "வாங்க. டப்பாவப் புடிங்க" என்றேன்.

வடபழனியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சாரும், அந்தப் பக்கம் தொடரைப் போடும் பையன், ஒலிப்பதிவுக்காரர், தாரிணி, மடியில் கொழுக்கட்டை டப்பாவோடு இவர். சார் என் கையில் தாளைக் கொடுத்தார். பூட்டிய அறைக் கதவை நீலி வந்து தட்டுகிறாள். மேனேஜர் கேட்க வேண்டியது எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெறும் தாள்தான்.

"சார், நான் என்ன சொல்லணும்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சார் அந்தக் கிழட்டுக் குரலில் வாசித்தார்: "வாம்மா. இத்தன நாளா எங்க போயிருந்த?"

எனக்கு ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

"நான் எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் இருந்தேன். யாரும் தட்டவில்லை."

சார் தாளைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒலிப்பதிவுக்காரர் மைக்கில், "சாரிம்மா, ஃபேன் சத்தம் விழுந்திடுச்சு. இன்னொரு தடவ சொல்லிடுங்க" என்றார்.

இரண்டாவது தடவை நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்துச் சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அந்த டேக்தான் ஓகே ஆனது.